பத்தாயம் நிறைந்த பிறகு: அசாமில் ஒரு தைப் பிறப்பு

ஜனவரி 12, 2024, வெள்ளி. குவாஹாத்தி

பொங்கலுக்கு ஊரில் நிற்காமல் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டவர்களிடம், பொங்கல் இருக்கிற இன்னொரு ஊருக்குத்தான் போகிறேன் என்றேன். நாம் பொங்கல் கொண்டாடும் அதே சங்கராந்தி அசாமில் மாக் பிஹு. போகாலி பிஹு என்றும் சொல்வார்கள். இந்த வருஷம் இரண்டும் 15ஆம் தேதி. நமக்கு முந்தின நாள் போகி, அவர்களுக்கு உருக்கா. நாம் போகியன்று விடிகாலையில் பழையதைக் கொளுத்துகிறோம். இவர்கள் உருக்கா இரவு முழுக்க விழித்துச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் புதிதாகக் கட்டியதைக் கொளுத்துகிறார்கள்.

பிஹு என்றால் நமக்குத் தெரிந்தது சித்திரையில் பெண்கள் மூகா பட்டு உடுத்தி ஆடும் ஆட்டம்தான். அது ரொங்காலி பிஹு. உழவு தொடங்கும் காலம். ஐப்பசி பிறக்கிற சமயத்தில் வருவது காதி பிஹு. அப்போது நெல் வயலில் நிற்கும், வீட்டுப் பத்தாயம் காலியாகிக் கிடக்கும். ஆகையால் அன்றைக்கு விருந்து கிடையாது. துளசி மாடத்திலும் வயல் வரப்பிலும் விளக்கு ஏற்றுவதோடு சரி. மூன்றாவதுதான் இப்போது வருவது. சாலி நெல் கார்த்திகை, மார்கழியில் அறுத்து வீடு வந்து சேர்ந்தாயிற்று. இனி சாப்பிடுவதுதான் வேலை. ஒரு நெற்பயிரின் ஆயுளை வைத்து மூன்று பண்டிகையையும் அடுக்கியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வறுமைக்கும் ஒரு பண்டிகை ஒதுக்கியிருக்கிறார்களே, அது இன்னும் பிடித்திருக்கிறது.

மாலையில் உஜான் பஜார் மீன் சந்தைக்குப் போனேன். பிரம்மபுத்திரா ஓரமாகவே இருக்கிறது. ஆள் நீளத்துக்குப் பாதி வரும் சித்தல் மீன், போராலி, ரோகு. உருக்காவுக்கு வீட்டில் மீன் இல்லையென்றால் கௌரவக் குறைச்சல். அது வியாபாரிக்கும் தெரியும் என்பதால் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. பேரம் பேசுகிறவர்கள் முகத்தில் கோபமில்லை. தோற்கத்தான் வந்திருக்கிறோம் என்கிற சிரிப்பு இருந்தது.

மற்ற கடைகளில் கருப்பு எள், மண்டை வெல்லம், தேங்காய், அவல், பொரி. பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த பிட்டாவும் லாருவும் குவிந்திருந்தன. பிட்டா என்றால் அரிசி மாவுப் பலகாரம். லாரு என்றால் நம்முடைய உருண்டை: எள்ளுருண்டை, தேங்காய் உருண்டை, பொரி உருண்டை. நகரத்தில் யாருக்கும் மாவு இடிக்க நேரமில்லை, சரிதான். ஆனால் அந்தத் திலபிட்டா (எள் வைத்த பிட்டா) மூன்று நாளைக்கு முந்தியது என்று ஒரு கடி கடித்ததுமே தெரிந்துவிட்டது.

ஜனவரி 13, சனி. ஜோர்ஹாட் வழியாக மாஜுலி

காலை ஜன் சதாப்தியில் ஜோர்ஹாட். வழியெல்லாம் மூடுபனி. பத்து மணிக்கு மேல்தான் ஜன்னலுக்கு வெளியே உலகம் இருப்பதே தெரிந்தது. பனி விலகியதும் அறுத்த வயல்கள். இங்கே நெல்லை அடியோடு அறுப்பதில்லை. முழங்கால் உயரத்துக்குத் தாளை விட்டுவிடுகிறார்கள். அதற்கு நோரா என்று பெயர். அதை எதற்கு விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது நாளை இரவு தெரியும்.

ஜோர்ஹாட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். 1911இல் தொடங்கிய டோக்லாய் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான். பச்சைக் கம்பளம் விரித்த படத்தை எதிர்பார்த்து வராதீர்கள். குளிர்காலத்தில் அசாம் தேயிலை துளிர் விடாது. செடிகளை மட்டமாகக் கவாத்து செய்து, வெறும் குச்சிகளாக நிறுத்தியிருக்கிறார்கள். இலை பறிப்பு இனி மார்ச் வாக்கில்தான். தோட்டங்களில் இன்னமும் தோட்ட நேரம் என்று ஒன்று புழங்குகிறது; நம் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி. கிழக்கில் இவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் இடத்தில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுவதைப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் புரிகிறது. தோட்டத் தொழிலாளர்கள் பலரின் முன்னோர்கள் சோட்டா நாக்பூர் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்தச் சங்கராந்தி டுசு பண்டிகை. ஒரே நாள், ஒரே மண், வேறு பாட்டு.

நிமாத்தி காட் துறையில் படகு ஏறினேன். மனிதர்கள், மோட்டார் சைக்கிள்கள், இரண்டு கார், கோழிக்கூடை, ஒரு பீரோ. குளிர்காலத்தில் பிரம்மபுத்திரா வற்றி, மணல் திட்டுகளுக்கு நடுவே கால்வாய் கால்வாயாக ஓடுகிறது. படகு நேராகப் போகாது. ஆழம் பார்த்து வளைந்து வளைந்துதான் போகும். மழைக்காலத்தில் இதே ஆறு மாஜுலியின் கரையை ஆண்டுதோறும் கடித்துத் தின்கிறது. உலகின் பெரிய ஆற்றுத் தீவு என்ற பெயர் இருக்கிறது, தீவுதான் சுருங்கிக்கொண்டே வருகிறது.

துறையில் என் நண்பனும் அவன் அம்மாவும் காத்திருந்தார்கள். அம்மாவை மாஹி என்று கூப்பிடச் சொன்னான், சித்தி முறை. வீட்டில் அவன் பாட்டியும் இருக்கிறார். ஊருக்கே அவர் ஐதா. என்னைப் பார்த்ததும் “மாஜோனி, குளிர்கிறதா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்புப் பக்கம் இழுத்து உட்காரவைத்துவிட்டார்.

அடுப்பங்கரையை ஒட்டிய கொட்டகையில் டெக்கி. நீளமான மரக்கட்டை, ஒரு முனையில் உலக்கைப் பூண், மறுமுனையைக் காலால் மிதிக்க வேண்டும். தரையில் பதித்த உரலில் உலக்கை விழும். இரண்டு பெண்கள் மிதிக்க, ஒருவர் குனிந்து இரண்டு இடிக்கு நடுவே உரலில் கைவிட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். கை தப்பினால் விரல் போய்விடும். அவரோ பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே தள்ளுகிறார்.

இடிபடுவது போரா சாவுல் என்கிற ஒட்டரிசி. ஊறவைத்து, நீர் வடித்து, ஈரம் இருக்கும்போதே இடிக்கிறார்கள். அந்த ஈரம்தான் எல்லாம். மாவு காய்ந்தால் திலபிட்டா உடையும், நனைந்தால் கல்லில் ஒட்டும். காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் ஒரு பிடி மாவைத் தூவி வட்டமாகப் பரத்துகிறார்கள். ஆவி மாவைத் தானே பிணைத்துவிடுகிறது. நடுவே வறுத்துப் பொடித்த கருப்பு எள்ளும் வெல்லமும். இரண்டு பக்கமும் மடித்துச் சுருட்டி, ஒரு நொடி அழுத்தி எடுக்க வேண்டும். மாஹி ஒன்றை முடிக்கும் நேரத்தில் நான் ஒரு கல் நிறைய மாவை வீணாக்கியிருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தேங்காய் துருவும் வேலை வந்தது.

வெல்லம் கலந்த அரிசி மாவைப் பொரித்து எடுப்பது கிலாபிட்டா. கெட்டில் வாயில் துணி கட்டி ஆவியில் வேகவைப்பது டெக்கெலி பிட்டா; உள்ளே தேங்காய்ப் பூ வைத்த புட்டு என்றே நினைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் என் ஓட்டு திலபிட்டாவுக்கு. எள்ளின் கசப்பு லேசாக நின்று, அதன்மேல் வெல்லம் வருகிறது.

ஜனவரி 14, ஞாயிறு. உருக்கா

காலைச் சாப்பாடு ஜல்பான். கோமல் சாவுல் என்று ஓர் அரிசி வைத்திருக்கிறார்கள். அடுப்பில் ஏற்றவே வேண்டாம். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்து இடித்தது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் சோறாகிவிடுகிறது. அமைலோஸ் என்ற மாவுச்சத்து மிகக் குறைவான ரகம் என்பதுதான் ரகசியம். சொகுவா என்கிற இந்த அரிசி வகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அஹோம் மன்னர்களின் படைவீரர்கள் இதைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. எருமைத் தயிரும் வெல்லமும் சேர்த்துச் சாப்பிட்டேன். மதியம் வரை பசிக்கவில்லை.

பிறகு நண்பனோடு சைக்கிளில் ஆற்றங்கரைப் பக்கம். மணல் திட்டுகளில் கடுகு பூத்துக் கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சள். வெள்ளம் விட்டுப்போன வண்டலில் பாய்ச்சல் அதிகம் வேண்டாமலே விளைகிறது. இங்கே எல்லாச் சமையலுக்கும் கடுகெண்ணெய்தான் என்பதால் இந்த மஞ்சள் அப்படியே அடுப்புக்குப் போகிறது. எட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஜோடி ஜோடியாகக் கருடத் தாராக்கள். இன்னும் தள்ளி ஒரு கூட்டம் வரித்தலை வாத்துகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு இதே மாதம் வருகிற ஆசாமிகள்! இமயத்துக்கு அப்பாலிருந்து கிளம்பி, ஒரு கூட்டம் இங்கேயே தங்கிவிட, இன்னொரு கூட்டம் நாங்குநேரி வரைக்கும் வருகிறது.

வழியில் மிசிங் மக்களின் ஊர். வீடுகள் மூங்கில் கால்களில் நிற்கின்றன; கீழே பன்றியும் தறியும். வெள்ளம் வரும் ஊரில் இதைவிடப் புத்தியான வீடு இருக்க முடியாது. படியேறியதும் கையில் அபோங் வந்தது. அரிசியில் வடித்த கள். கரிய நிறத்தில் இருக்கும் வகைக்கு வைக்கோலும் உமியும் எரித்த சாம்பலைச் சேர்க்கிறார்கள். புகை மணம், லேசான இனிப்பு. மிசிங் மக்களுக்கு உண்மையான பெரிய விழா பிப்ரவரியில் வரும் அலி-ஆயே-லிகாங். அது விதைப்புத் திருவிழா. பிஹுவையும் அவர்கள் விடுவதில்லை.

மதியத்துக்கு மேல் ஊர் முழுக்க வயலில் இருந்தது. இப்போது நோராவின் வேலை. வயலில் விட்ட தாளை அறுத்து வந்து, மூங்கில் சட்டத்தில் வேய்ந்து, ஒரு குடிசை எழுப்புகிறார்கள். அதுதான் பேலாகர். ஆளுயரக் கதவு, உள்ளே வைக்கோல் மெத்தை. பத்துப் பேர் தாராளமாகப் படுக்கலாம். சற்றுத் தள்ளி மேஜி: பச்சை மூங்கிலும் விறகும் அடுக்கிக் கூம்பாக உயர்த்திய கோபுரம். நாளைக் காலையில் இரண்டும் சாம்பல். அது தெரிந்தும் ஒரு கிழவர் கதவு நேராக இல்லை என்று மூன்று முறை பிரித்துக் கட்டவைத்தார். நகரங்களில் இப்போது பேலாகரைப் புகழ்பெற்ற கட்டடங்களின் வடிவத்தில் கட்டிப் போட்டி நடத்துகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அதற்குள் யாரும் தூங்குவதில்லை.

சமையல் ஆண்கள் பொறுப்பு. நீர்ப்பூசணி போட்ட வாத்துக் கறி. குளிரில் வாத்துக்குக் கொழுப்பு கூடியிருக்கும், பூசணி அதை இழுத்துக்கொள்ளும். மிளகு, இஞ்சி தவிர மசாலா என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மீன் தெங்கா: தக்காளியும் எலுமிச்சையும் சேர்த்த புளிப்புக் குழம்பு. கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு. லாய் கீரை. முதலில் வந்தது கார். காரம் என்று ஏமாந்துவிடாதீர்கள். உலர்ந்த வாழைத்தோலைச் சுட்ட சாம்பலில் வடித்த நீரால் பப்பாளிக் காயைச் சமைத்தது. நாக்கில் ஒரு வழவழப்பு. எல்லாருக்கும் முதல் வாயிலேயே பிடித்துவிடாது, எனக்கும் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடிந்ததும் பையன்கள் காணாமல் போனார்கள். உருக்கா இரவில் அடுத்த வீட்டு வேலி மூங்கில், தோட்டத்துக் காய், கொல்லையில் அடுக்கிய விறகு, எதைத் தூக்கினாலும் குற்றமில்லை. ஐதா வீட்டு வேலியில் பாதி இப்போது மேஜியில் இருக்கிறது. “முன்னெல்லாம் படலையே பெயர்த்துக்கொண்டு போவார்கள், இப்போதைய பையன்களுக்குத் தெம்பு போதாது” என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஜனவரி 15, திங்கள். மாக் பிஹு

நாலரை மணிக்கு எழுப்பிவிட்டார்கள். குளிக்காமல் மேஜி பக்கம் போகக்கூடாது. வெந்நீர் வைத்துத் தருவதாக மாஹி சொன்னார். ஐதா குளத்தில் குளித்துவிட்டு வந்து நின்றதைப் பார்த்த பிறகு வெந்நீர் கேட்க வாய் வரவில்லை. எப்படிக் குளித்தேன் என்று விவரிக்கப் போவதில்லை.

ஊரில் மூத்தவர் கழுத்தில் கமோசா என்கிற துண்டைப் போட்டுக்கொண்டு மேஜிக்குத் தீ வைத்தார். எல்லாரும் மண்டியிட்டுக் கும்பிட்டார்கள். சிலை இல்லை, பூசாரி இல்லை. கும்பிடுவது நெருப்பைத்தான். வெற்றிலையும் பாக்கும், ஆளுக்கொரு பிட்டாவும் தீயில் போட்டோம். பச்சை மூங்கிலின் கணுக்களுக்குள் இருக்கும் காற்று சூடேறி வெடிக்கிறது. அதற்குத்தான் பச்சையாக வெட்டி வைக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வெடிச் சத்தம் கேட்டது. பேலாகரும் எரிந்தது. அந்தக் கிழவர் நேராக்கிய கதவு கடைசியாக விழுந்தது.

தீயைச் சுற்றி நின்று கொறிக்க மாஹ்-கராய்: உளுந்து, எள், அரிசி சேர்த்து வறுத்தது. அதோடு தீயில் சுட்ட கிழங்கு. இன்றைக்குக் காட் ஆலு கட்டாயம் சாப்பிட வேண்டுமாம். பார்த்தால் நம்ம பெருவள்ளிக்கிழங்கின் வர்க்கம்! பொங்கலுக்குப் பனைக்கிழங்கும் சிறுகிழங்கும் வள்ளிக்கிழங்கும் இல்லாமல் எங்கள் திருநெல்வேலியில் கடை வீதியே கிடையாது. மார்கழியில் மண்ணுக்கடியில் முற்றியதைத் தை முதல் நாள் தோண்டி எடுப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். காரணம் எளிது. பயிருக்கு வடக்கு தெற்கு தெரியாது, பருவம்தான் தெரியும்.

பாதி எரிந்த கட்டைகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்த் தோட்டத்தில் போட்டார்கள். சாம்பல் வயலுக்கு. பலா, மா, பாக்கு மரங்களுக்கு இடுப்பில் வைக்கோல் பிரி கட்டினார்கள். காய்ப்பு நன்றாக இருக்க வேண்டுமென்று. ஐதா ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனார். போன வருஷம் காய்க்காத எலுமிச்சைக்கு மட்டும் திட்டு.

நாள் முழுக்க வீடு வீடாக ஜல்பான். மறுக்கக் கூடாது. ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு லாருவை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் வித்தையைச் சிறுவர்களிடம் கற்றுக்கொண்டேன்.

ஒன்று கவனித்தேன். நம் பொங்கல் வீட்டு வாசலில் நடக்கிறது. அவரவர் பானை, அவரவர் அடுப்பு. இங்கே பிட்டாவும் லாருவும்தான் வீட்டில். சமைப்பது, சாப்பிடுவது, எரிப்பது எல்லாம் அறுத்த வயலில், ஊராகச் சேர்ந்து. வீட்டுக்கு வீடு தனி மேஜி வைப்பவர்களும் உண்டு. ஆனால் மேஜி தனியாக இருந்தாலும் உருக்கா விருந்து தனியாக இருக்காது.

ஜனவரி 16, செவ்வாய்

மாலை வரை தூக்கம். ஒரே விஷயம் எழுத வேண்டும். மோரிகாவ் மாவட்டம் ஆஹத்குரியில் இன்று எருமைச் சண்டை. மாக் பிஹுவின் பழைய வழக்கம். ஹாஜோவில் கொண்டைக்குருவிச் சண்டை நேற்றே நடந்திருக்கிறது. 2014இல் ஜல்லிக்கட்டை நிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இவையும் நின்று போயிருந்தன. தமிழ்நாடு 2017இல் சட்டம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதைப் பார்த்துத்தான் அசாம் அரசும் வழிகாட்டு நெறிமுறை வகுத்து இந்த முறை மறுபடி அனுமதித்தது. (2024 டிசம்பரில் குவாஹாத்தி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறையை ரத்து செய்தது.) நண்பன் வீட்டில் எல்லாரும் கைபேசியில் பார்த்தார்கள். நான் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். காளையை மனிதன் தழுவுவது ஒன்று. இரண்டு எருமைகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது வேறு. நண்பன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “உன் ஊர் மாட்டுக்கு மட்டும் நியாயமா?” என்றான். பேச்சு இரவுச் சாப்பாடு வரை நீண்டது, முடியவில்லை.

ஜனவரி 19, வெள்ளி. ஜோன்பீல் மேளா

மாஜுலியிலிருந்து திரும்பும் வழியில் ஜாகிரோடு. பக்கத்தில் தயாங் பெல்குரி என்ற இடத்தில், பிறை வடிவ ஏரிக்கரையில், பிஹு முடிந்த வார இறுதியில் மூன்று நாள் சந்தை. திவா மக்களின் கோபா ராஜாவுடைய சந்தை. ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது என்கிறார்கள். மலையிலிருந்து திவா, கார்பி, காசி, ஜெயந்தியா மக்கள் இறங்கி வந்து நேற்றே ஓலைக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள்.

விடிவதற்கு முன்பே பண்டமாற்று தொடங்கிவிட்டது. பணம் இல்லை. மலைக்காரர்களிடம் இஞ்சி, மஞ்சள், மிளகாய், சேம்பு, பூசணி. சமவெளிக்காரர்களிடம் பிட்டா, லாரு, அவல், கருவாடு. மலையிலிருந்து வந்தவர்களைச் சமவெளி மக்கள் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். “மாமி, இஞ்சி தருவீர்களா?” என்று எல்லாப் பக்கமும் குரல். எடைத்தராசு கிடையாது, இரண்டு பேரும் தலையாட்டினால் சரி. ஆனால் ஏமாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாமி கருவாட்டை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, பாதியைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

பிஹுவன்று பையில் சேர்த்த லாரு என்னிடம் மிச்சம் இருந்தது. நாலு எள்ளுருண்டை, ஆறு தேங்காய் உருண்டை கொடுத்து, ஒரு கை மஞ்சள் கிழங்கும் இரண்டு கை இஞ்சியும் வாங்கினேன். லாபமா நஷ்டமா தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெண்மணி அதே அளவு லாருவுக்குப் பூசணி வாங்கியதைப் பார்த்தால் நஷ்டம்தான் போலிருக்கிறது.

பனி விலகிக் கூட்டம் பெருகியதும் பண்டமாற்று அடங்கிவிட்டது. இப்போது ரூபாய்க் கடைகள், ராட்டினம், ஒலிபெருக்கி. கேமராவோடு தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் ஒரு மூதாட்டியிடம் இன்னொரு தடவை மாற்றிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மூட்டையைக் கட்டி முடித்துவிட்டார். ஏரியில் ஊரே இறங்கி மீன் பிடிக்கிறது. ராஜா பரிவாரத்தோடு வந்து கடைக்காரர்களிடம் வரி வாங்குவது நாளை. நான் அதுவரை நிற்க முடியாது, இன்று இரவு ரயில். மஞ்சள் கிழங்கில் ஈரம் இருக்கிறது. ஊருக்குப் போனதும் பாதியைக் கொல்லையில் ஊன்ற வேண்டும்.